துடிப்பு திரும்பியது, நினைவு திரும்புமா? மாரடைப்பில் மூளை பாதித்தவரின் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

ஐசியூ கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் டாக்டர், “இதயத்தை மீட்டுவிட்டோம், இனி மூளை எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு குடும்பம் மூன்று நாள், சில சமயம் மூன்று வாரம் வாசலில் காத்திருக்கும். அந்த நாட்களில் எதைக் கேட்பது, எதைக் கவனிப்பது, வீட்டுக்கு அழைத்து வந்தபின் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை இங்கே எழுதுகிறோம். ஒன்றை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். மூளைச்சாவு முறைப்படி உறுதியான நிலையைத் தவிர, முதல் மூன்று நாளுக்குள் “இவர் இனி எழுந்திருக்க மாட்டார்” என்று யார் சொன்னாலும் அது அவசரத் தீர்ப்பு.

மூளை ஏன் அடிபடுகிறது

மாரடைப்பும் இதய நிறுத்தமும் வேறு வேறு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், ஆனால் இதயம் ஓடிக்கொண்டிருக்கும்வரை மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த அடைப்பால் இதயத்தின் மின்னோட்டம் குலைந்து, கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கினால் இதயம் நின்றதற்குச் சமம். மூளைக்கு ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் சும்மா படுத்திருக்கும்போதுகூட உடல் வாங்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்க அதற்கு இடமில்லை. ரத்தம் நின்ற பத்து நொடிக்குள் நினைவு போய்விடும். நான்கைந்து நிமிடம் தாண்டினால் நிரந்தரச் சேதம் தொடங்கும். எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் சாவதில்லை. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், சிந்தனைக்கான மூளைப்புறணி, அசைவை நெறிப்படுத்தும் அடி முடிச்சுகள், சிறுமூளையின் சில செல்கள் ஆகியவை முதலில் வாடும். மூச்சையும் விழிப்பையும் காக்கும் மூளைத்தண்டு அதிகம் தாங்கும். பின்னால் வரும் பல புதிர்களுக்கு விடை இந்த வரிசையில் இருக்கிறது. கண் திறந்தும் நினைவில்லாமல் ஏன் இருக்கிறார், நன்றாக நடப்பவர் காலையில் சாப்பிட்டதை ஏன் மறக்கிறார் என்பதெல்லாம் இதனால்தான்.

சேதம் இரண்டு தவணையில் வருகிறது. முதல் தவணை இதயம் நின்ற நேரத்தில். இரண்டாவது, ரத்தம் திரும்பப் பாய்ந்தபின் மணிக்கணக்கில், நாள்கணக்கில். மூளை வீங்குகிறது, காய்ச்சல் வருகிறது, வலிப்பு வருகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. முதலாவதை இனி யாராலும் மாற்ற முடியாது. ஐசியூவில் நடக்கும் பாடெல்லாம் இரண்டாவதைக் குறைக்கத்தான்.

முதல் வேலை: நேரங்களை எழுதி வைப்பது

டாக்டர்கள் கணிப்பதற்கு மிக முக்கியமான தகவல் உங்களிடம்தான் இருக்கிறது. பதற்றத்தில் இரண்டாம் நாளே நேரம் குழம்பிவிடும், அதனால் அன்றே ஒரு தாளில் எழுதுங்கள். அவர் விழுந்ததை யாராவது கண்ணால் பார்த்தார்களா, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தார்களா? நெஞ்சை அமுக்கத் தொடங்கியது யார், எத்தனை நிமிடத்துக்குப் பிறகு? ஆம்புலன்ஸ் எப்போது வந்தது? முதலில் மானிட்டரில் தெரிந்தது ஷாக் கொடுக்கக்கூடிய நடுக்கமா, நேர்கோடா? எத்தனை ஷாக்? துடிப்பு எப்போது திரும்பியது? கைபேசியின் அழைப்புப் பட்டியலைப் பாருங்கள், 108-க்கு அழைத்த நேரம் நிமிடக் கணக்கில் அதில் இருக்கும். ஆம்புலன்ஸ் ஊழியர் கொடுத்த தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

துளி ரத்தமும் ஓடாத நேரம் ஒரு கணக்கு, நெஞ்சை அமுக்கி ஓரளவு ரத்தம் ஓடவைத்த நேரம் இன்னொரு கணக்கு. நன்றாக அமுக்கினாலும் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும், ஆனாலும் அதுவே மூளையைப் பிடித்து வைக்கும். யாரும் தொடாமல் பத்து நிமிடம் கிடந்தவரையும், உடனே அமுக்கப்பட்டு இருபது நிமிடத்தில் மீண்டவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஆடுகளத்திலேயே சரிந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்கு அங்கேயே நெஞ்சை அமுக்கி ஷாக் கொடுத்தார்கள். மைதானத்தை விட்டுப் போகும் முன்பே நினைவு திரும்பிவிட்டது. மறு ஆண்டு அவர் மீண்டும் ஆட வந்தார். காரணம், ரத்தம் ஓடாமல் கிடந்த நேரம் மிகக் குறைவு.

அதே தாளில் இன்னும் சில விவரங்கள் வேண்டும். சர்க்கரை, பிரஷர், சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே பக்கவாதம், சாப்பிடும் மாத்திரைகள், மதுப்பழக்கம். காது கேட்கும் கருவியும் கண்ணாடியும் போடுபவரானால் அவற்றைக் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுங்கள். காது கேளாதவரிடம் “கையைத் தூக்குங்கள்” என்று சொல்லிவிட்டு, பதில் இல்லை என்று குறிப்பெழுதும் தவறு நடக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தவரை வேறு மொழி பேசும் நர்ஸ் சோதிக்கும்போதும் இதே கதைதான்.

முதல் 72 மணி நேரம்: எந்த எண்களைக் கேட்பது

இசிஜியில் பெரிய அடைப்பின் அடையாளம் தெளிவாக இருந்தால், நினைவு இல்லை என்பதற்காக ஆஞ்சியோவைத் தள்ளிப்போடுவதில்லை. இதயம் வலுவாகத் துடித்தால்தான் மூளைக்கு அழுத்தம் கிடைக்கும். அடைப்பின் அடையாளம் இல்லாதபோது கொஞ்சம் பொறுத்துச் செய்வதும் சரியான முடிவே.

மூளையைக் காப்பதில் மிக அதிகம் பேசப்பட்டது உடல் வெப்பநிலை. 2002-இல் வந்த இரண்டு ஆய்வுகள், உடலை 32 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் மூளை தேறும் வாய்ப்பு கூடுகிறது என்று காட்டின. உலகெங்கும் குளிர்விக்கத் தொடங்கினார்கள். 2013-இல் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. 2021-இல் சுமார் 1,850 பேரிடம் 33 டிகிரிக் குளிர்ச்சியையும், காய்ச்சலை மட்டும் தடுப்பதையும் ஒப்பிட்டார்கள். அப்போதும் வித்தியாசம் இல்லை. நேர்கோடு போல ஷாக் கொடுக்க முடியாத வகை நோயாளிகளிடம் 2019-இல் பிரான்ஸில் நடந்த ஆய்வில் மட்டும், நல்ல மூளைநிலையோடு இருந்தவர்கள் 33 டிகிரிப் பிரிவில் 10.2 சதவீதம், 37 டிகிரிப் பிரிவில் 5.7 சதவீதம். அதனால் சில மருத்துவமனைகள் இன்றும் குளிர்விக்கின்றன, சில செய்வதில்லை. இரண்டுமே ஏற்கத்தக்கவை. “அந்த ஆஸ்பத்திரியில் ஐஸ் வைக்கிறார்களாமே” என்று ஆளை இடம் மாற்றத் துடிக்க வேண்டாம்.

எல்லோரும் ஒத்துக்கொள்வது ஒன்று: காய்ச்சல் வரவிடக் கூடாது. 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, அதாவது 99.5 ஃபாரன்ஹீட். வீட்டில் இதைக் காய்ச்சலாகவே எண்ண மாட்டோம், அடிபட்ட மூளைக்கு அது அதிகம். “கை சில்லென்று இருக்கிறதே” என்று பரிதாபப்பட்டு, நர்ஸைக் கேட்காமல் போர்வையைப் போர்த்திவிடாதீர்கள்.

மற்ற எண்களையும் தினமும் கேட்கலாம். சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் கீழே இறங்கக் கூடாது. மானிட்டரில் 110/70 போன்ற எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் சராசரி. ஆக்சிஜன் அளவு 94 முதல் 98 வரை போதும். நூறு இருந்தால் இன்னும் நல்லது என்று எண்ணிக்கொள்கிறோம், ஆனால் மிதமிஞ்சிய ஆக்சிஜனும் மீண்டுவரும் செல்களுக்குத் தீங்கு. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45-க்குள் இருக்க வேண்டும். வென்டிலேட்டர் வேகமாக ஊதி அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். சர்க்கரை 140 முதல் 180-க்குள். சர்க்கரை தாழ்ந்துபோவது ஏற்கெனவே பட்டினி கிடந்த மூளையை மறுபடி பட்டினி போடுவதாகும்.

இன்னொரு கேள்வி: “இஇஜி எடுத்தீர்களா?” மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை அது. நினைவில்லாதவருக்கு வரும் வலிப்பு வெளியே தெரியாமல் மூளைக்குள் மட்டும் ஓடக்கூடும். தசை தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் கை கால் உதறவே உதறாது. தொடர் இஇஜி வசதி இல்லாத இடத்தில், அரைமணி நேர இஇஜியை இரண்டு மூன்று முறை எடுத்தாலும் பயன் உண்டு.

கணிப்பு: எந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம்

மூன்று நாள் பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் மயக்க மருந்து. மிடாசோலாம், ஃபென்டனில் போன்றவை உடம்பிலிருந்து வெளியேற ஈரலும் சிறுநீரகமும் வேலை செய்ய வேண்டும். இதயம் நின்றவருக்கு அந்த இரண்டுமே சோர்ந்திருக்கும். வயதானவருக்கு, குளிர்விக்கப்பட்டவருக்கு இன்னும் தாமதமாகும். மருந்து உள்ளே இருக்கும்போது “கூப்பிட்டால் திரும்பவில்லை” என்பதற்கு அர்த்தமே இல்லை. ஆகவே கேளுங்கள்: “மயக்க மருந்தை எப்போது நிறுத்தினீர்கள்? கிரியாட்டினின் எவ்வளவு?” சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த ரத்த அளவு சொல்லும்.

துடிப்பு திரும்பி 72 மணி நேரம் ஆனபின், மருந்தின் பாதிப்பு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, வலி கொடுத்தால் கையை விலக்கக்கூட முடியாத நிலையில் இருப்பவருக்கு மட்டுமே மோசமான கணிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அப்போதும் ஒற்றைச் சோதனை போதாது. கீழே வருபவற்றில் குறைந்தது இரண்டு ஒரே திசையில் சொல்ல வேண்டும்.

டார்ச் அடித்தால் இரு கண்மணிகளும் சுருங்காதது, கருவிழியைத் தொட்டால் இமை சிமிட்டாதது இரண்டும் சேர்ந்திருப்பது ஒன்று. இரண்டாவது எஸ்எஸ்இபி: மணிக்கட்டு நரம்பில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து அது மூளைப்புறணியை எட்டுகிறதா என்று பார்ப்பது. என்20 எனப்படும் அலை இருபுறமும் இல்லையென்றால் அது மிக வலுவான கெட்ட செய்தி. மயக்க மருந்து இதை அதிகம் குழப்பாது, அதனால்தான் இதற்கு மதிப்பு. ஆனால் அலை இருந்துவிட்டால் மட்டும் எழுந்துவிடுவார் என்று பொருளில்லை. மூன்றாவது, 24 மணி நேரத்துக்குப் பிறகும் இஇஜி ஏறக்குறைய தட்டையாகவோ, வெடித்து வெடித்து அடங்குவதாகவோ இருப்பது. நான்காவது, அடிபட்ட நரம்புசெல்களிலிருந்து கசியும் பொருளை அளக்கும் என்எஸ்இ என்ற ரத்தப் பரிசோதனை. 48-ஆம் அல்லது 72-ஆம் மணியில் லிட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவலைக்குரியது. ஒரு நாள் அளவை விட, நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அதிகம் சொல்லும். ரத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் இந்த எண் பொய்யாக ஏறும், அதை லேபிடம் கேட்கச் சொல்லலாம். ஐந்தாவது, சிடி ஸ்கேனிலோ 2 முதல் 7 நாளுக்குள் எடுத்த எம்ஆர்ஐயிலோ மூளை முழுக்கப் பரவிய சேதம். முதல் நாள் சிடி நார்மல் என்றால் மூளை நலமாக இருக்கிறது என்று எண்ணாதீர்கள். அது பெரும்பாலும் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்பதைப் பார்க்கத்தான்.

ஆறாவது, முதல் மூன்று நாளில் அரைமணிக்கு மேல் ஓயாமல் உடம்பைத் தூக்கிப்போடும் துடிதுடிப்பு. இதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. இதைப் போலவே தோன்றும் இன்னொன்று உண்டு: நினைவு திரும்பியவருக்கு, கையை நீட்டும்போதும் நடக்கும்போதும் வெட்டி வெட்டி இழுப்பது. 1963-இல் லான்ஸ், ஆடம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் விவரித்ததால் அவர்கள் பெயரால் வழங்குகிறது. அது சாவின் அறிகுறி கிடையாது. குளோனாசெபாம், வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டாம் போன்ற மருந்துகளால் கட்டுப்படும். உடம்பு உதறுவதைப் பார்த்ததும் நம்பிக்கையை விடாமல், இஇஜி என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

நல்ல அறிகுறிகளும் உண்டு, அவற்றைப் பற்றி யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. முதல் மூன்று நான்கு நாளில் வலி கொடுத்தால் கையை விலக்குவது, முதல் மூன்று நாளில் இஇஜி தொடர்ச்சியான அலைகளோடு இருப்பது, என்எஸ்இ இயல்பான அளவில் நிற்பது, 2 முதல் 7 நாளுக்குள் எடுத்த எம்ஆர்ஐ சுத்தமாக இருப்பது. இரண்டு கெட்ட அறிகுறிகள் சேரவில்லையென்றால் முடிவு “தெரியவில்லை, காத்திருப்போம்” என்பதே. அது டாக்டரின் கையாலாகாத்தனம் அன்று, நேர்மையான பதில்.

நீங்களே கவனிக்கும்போது

பார்வை நேரம் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதில் “கையை அழுத்து” என்று சொல்லி, அழுத்தினார் என்று மகிழ்ந்து வெளியே வருவோம். உள்ளங்கையில் விரல் பட்டால் தானாக மூடிக்கொள்வது கைக்குழந்தைக்கும் உள்ள அனிச்சைச் செயல். அதற்குப் பதில் “கட்டை விரலை மேலே தூக்குங்க”, “நாக்கை நீட்டுங்க”, “கண்ணை இறுக்கி மூடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டுப் பத்து நொடி பேசாமல் பொறுங்கள், அடிபட்ட மூளை மெதுவாகத்தான் பதில் தரும். முகத்துக்கு நேரே ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து இடமும் வலமும் மெதுவாக நகர்த்துங்கள். தன் முகத்தைக் கண்கள் தொடர்வது நினைவின் முதல் கீற்றாக இருக்கலாம். வேறு பொருளைத் தொடராதவரும் கண்ணாடியைத் தொடர்வதுண்டு. நேரம், சொன்னது, செய்தது மூன்றையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

கண் திறப்பது மட்டும் நினைவு திரும்பியதாகாது. கொட்டாவி விடுவது, பல்லைக் கடிப்பது, கண்ணீர் வழிவது எல்லாம் மூளைத்தண்டின் வேலையாக இருக்கலாம். இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பொய்யான நம்பிக்கையில் வீட்டை அடமானம் வைக்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வாரங்கள் கடந்தால்

எழுந்திருப்பவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே எழுந்துவிடுவார்கள். சிலர் இரண்டாம் வாரத்திலும் அதற்குப் பின்னும் எழுவதுண்டு, முக்கியமாகச் சிறுநீரகம் பழுதாகி மருந்து தேங்கியவர்கள். பத்து நாள் அளவில் வாய்வழிக் குழாயை எடுத்துவிட்டுத் தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைக்கும் ட்ரக்கியோஸ்டமி போடலாமா என்று கேட்பார்கள். அது கடைசிக் கட்டம் என்று பயப்பட வேண்டாம். அதற்குப் பின் மயக்க மருந்து பெரும்பாலும் அவ்வளவாகத் தேவைப்படாது, மூளையைச் சோதிப்பது எளிதாகும், பின்னாளில் துளையும் மூடிக்கொள்ளும்.

சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். கண்ணே திறக்காதது கோமா. கண் திறந்து மூடி, தூங்கி விழித்து, ஆனால் எதையும் அறியாமல் இருப்பது அறிவற்ற விழிப்பு என்ற வேறு நிலை. இடையிடையே கண்ணாடியைத் தொடர்வது, சொன்னதை எப்போதாவது செய்வது குறைந்த நினைவுநிலை. இதன் வருங்காலம் முந்தையதைவிட நல்லது, ஆனால் ஒரு முறை பார்த்தால் தவறவிட்டுவிடுவார்கள். நினைவுநிலையை அளக்கும் சிஆர்எஸ்-ஆர் என்ற அளவுகோலால் இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது சோதித்தால்தான் நம்பலாம். ரத்தம் ஓடாமல் வந்த மூளைச்சேதத்தில் மூன்று மாதமாகியும் அறிவற்ற விழிப்பே நீடித்தால் மீளும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. தலையில் அடிபட்டவர்களுக்கு அந்தக் காலம் ஓராண்டு. விபத்தில் கோமாவுக்குப் போய் எட்டு மாதத்தில் எழுந்தவரின் செய்தியை இவரோடு ஒப்பிடாதீர்கள்.

மூளைச்சாவு இவை எதிலும் சேராது. மூளைத்தண்டும் செத்து, வென்டிலேட்டரைக் கழற்றினால் ஒரு மூச்சும் வராத நிலை, அது மரணம். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்து எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். மீளவே வழியில்லாத நிலையில் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்விக்கு, உச்ச நீதிமன்றம் 2018-இல் வழிவகுத்து 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. முதல்நிலை, இரண்டாம் நிலை என இரு மருத்துவர் குழுக்கள் பார்க்க வேண்டும். இந்த முடிவில் வீட்டார் அனைவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, “அவர் பேசக்கூடியவராக இருந்தால் என்ன கேட்பார்?” என்று யோசியுங்கள். யார் செலவு செய்கிறார்கள் என்பதை வைத்து முடிவு எடுத்த குடும்பங்களில் மனக்காயம் ஆறுவதில்லை.

குழாய் உணவும் படுக்கையும்

நினைவு அரைகுறையாக இருக்கும்போது ஒரு வாய் தண்ணீர்கூட வாயில் ஊற்றாதீர்கள். தீர்த்தமும் கூடாது. அது நேராக நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும், மூளை தேறியவரையே அது கொண்டுபோய்விடும். விழித்தபின்னும் விழுங்கும் பரிசோதனை முடிந்த பிறகுதான் வாய்வழி உணவு.

மூக்குக்குழாயில் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும், கொடுத்த பின்னும் அரைமணி நேரம் அப்படியே. அளவை டயட்டீஷியன் எழுதித் தருவார், பெரும்பாலும் வேளைக்கு 200 முதல் 250 மில்லி. மூக்கோரத்தில் குழாயில் போட்ட பேனா குறி நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றக் கூடாது. கேழ்வரகுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டாமல் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 20 முதல் 30 மில்லி தண்ணீர் விடுங்கள். மாத்திரைகளை எல்லாம் சேர்த்து இடித்துக் கரைக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மெட்டோப்ரோலால் போன்றவற்றை இடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கி, துடிப்பும் பிரஷரும் விழும். எதை இடிக்கலாம் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படுமானால் வயிற்றில் நேராகப் போடும் குழாய் வசதி.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு மூன்றையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளிறவில்லையென்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பாரம் படாமல் வையுங்கள். மூட்டுகளைப் பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி நாளுக்கு இரண்டு மூன்று முறை மடக்கி நீட்டாவிட்டால் நினைவு திரும்பும்போது கை மடங்கியே நின்றுவிட்டிருக்கும்.

எழுந்தபின்: கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு

விழித்த முதல் நாட்களில் குழப்பம் இருக்கும். ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்பார், ஊசியைப் பிடுங்குவார், வீட்டாரைத் திட்டுவார். இது அவர் சுபாவம் மாறியதாகாது. வாதாடாமல், “நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, மாரடைப்பு வந்துச்சு, இப்போ நல்லா இருக்கீங்க” என்று ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொல்லுங்கள். விழுந்த நாளும் அதை ஒட்டிய நாட்களும் பலருக்கு நினைவுக்குத் திரும்பவே திரும்பாது.

வீடு திரும்பி, நடந்து, பேசி, விருந்தாளியோடு சிரிக்கிறார். எல்லோரும் “முழுசா தேறிட்டார்” என்கிறார்கள். ஆனால் இதய நிறுத்தத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நினைவாற்றல், கவனம், திட்டமிடுதல் ஆகியவற்றில் ஏதாவது குறை இருக்கிறது. வெளித் தெரியாததால் அதைச் சோம்பல் என்றும் அலட்சியம் என்றும் திட்டுகிறோம். மூன்று மாதத்துக்குள் நினைவாற்றலையும் கவனத்தையும் அளக்கும் மோகா போன்ற ஒரு பரிசோதனை செய்யக் கேளுங்கள். முப்பது மதிப்பெண், பத்துப் பதினைந்து நிமிடம், 26-க்குக் கீழே போனால் விரிவாகப் பார்க்க வேண்டும். குறைவாகப் படித்தவர்களுக்கு எண்ணைச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள். முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் வேகமாகவும், அதற்குப் பின் ஓராண்டுவரை மெதுவாகவும் வரும்.

இதில் உயிருக்கே ஆபத்தானது மாத்திரையை மறப்பது. ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர் ஆஸ்பிரினையும் அதோடு தரும், ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டாவது மாத்திரையையும் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மறுபடி மாரடைப்பு வரக்கூடும். இரண்டையும் சேர்த்து பெரும்பாலும் ஓராண்டு கொடுப்பார்கள். “சாப்பிட்டேன்” என்று அவர் சொல்வதில் பொய் இல்லை, நேற்றுச் சாப்பிட்டது இன்றைய நினைவாகத் தோன்றுகிறது. ஏழு நாள் அறைகள் கொண்ட மாத்திரை டப்பா வாங்கி, வாரத்துக்கு ஒரு நாள் வேறொருவர் நிரப்புங்கள். காலியான அறையே சாட்சி. மறந்து இரு முறை சாப்பிடும் ஆபத்தும் அதனால் போகும்.

நினைவுக்கு உதவ ஒரே ஒரு நோட்டு போதும், நான்கு இடத்தில் குறிப்பு எழுதினால் குறிப்பையே தேட வேண்டிவரும். சுவரில் பெரிய தேதிக் காலண்டர், கைபேசியில் அலாரம். சாவி, கண்ணாடி, பர்ஸ் மூன்றுக்கும் ஒரே தட்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலை, டிவியை அணைத்துவிட்டுப் பேச்சு. தப்பாகச் சொல்லவிட்டுத் திருத்துவதைவிட, சரியான விடையை முதலிலேயே சொல்லித் திரும்பச் சொல்லவைத்தால் நன்றாகப் பதியும். அடுப்பைத் தனியாக விட்டுக் கொடுக்காதீர்கள், பால் வைத்தது மறந்துபோகும். பைக்கும் காரும் இதய டாக்டரும் நரம்பியல் டாக்டரும் சரியென்ற பிறகுதான். வங்கிப் பரிமாற்றத்துக்குச் சில மாதம் இன்னொருவர் துணை இருக்கட்டும், மோசடி அழைப்புகளில் இவர்கள் எளிதாக மாட்டுவார்கள்.

சோர்வு மிகப் பெரிய புகாராக இருக்கும். அது தூக்கத்தால் மட்டும் தீராத மூளைச் சோர்வு. காலை நேரம் தெளிவாக இருக்கும், கடினமான வேலையை அப்போது வையுங்கள். மதியம் அரைமணி ஓய்வு. வேலைக்குத் திரும்பும்போது அரைநாளில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சோர்வையும், லெவெடிராசெட்டாம் எரிச்சலையும் கூட்டும் என்பதால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆர்வமின்மை, அழுகை, தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதய நோயாளிகளுக்குப் பொருந்தும் மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன.

புதிதாக வலிப்பு வந்தாலோ, ஒரு பக்கம் செயலிழந்தாலோ, நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தாலோ உடனே 108. இலங்கையில் 1990. மறுபடி துடிப்பு நின்றால் செய்ய வேண்டியதை வீட்டில் இருவராவது பழகியிருங்கள்: கடினமான தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அமுக்கலுக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். கட்டிலின் மெத்தைமேல் வைத்து அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ அறிக்கை, மாத்திரை டப்பா, நினைவு நோட்டு நான்கையும் எடுத்துப்போங்கள். உடன் வசிப்பவர் கட்டாயம் கூடப் போக வேண்டும், மறதியைப் பற்றி நோயாளியால் சொல்ல முடியாது. அன்று அவர் நெஞ்சை அமுக்கியவர் மனைவியோ மகனோ என்றால் அவரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரவில் திடுக்கிட்டு எழுந்து பக்கத்தில் படுத்திருப்பவருக்கு மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்ப்பது பல மாதம் நீடிப்பதுண்டு. அதற்கும் சிகிச்சை இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும்.